தட்டில் காத்திருந்த நேரம்

மாலையில் மதுரைக்குப் புறப்படும் பயணிகள் ரயிலில் தெர்மாகோல் பெட்டியோடு ஏறுகிறவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் வியந்து பார்ப்பதில்லை. உள்ளே மீன் இருக்கிறது என்று பார்த்த உடனே முடிவு செய்துவிடுவார்கள். ராமநாதபுரத்தில் ஏறினால் சத்திரக்குடி தாண்டுவதற்குள் எதிரில் அமர்ந்திருக்கும் அம்மா யாராவது, “என்ன மீன் தாயி, விளமீனா?” என்று கேட்டுவிடுவார். முதல் சில மாதங்கள் நான் தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு அந்தப் பொய் உறுத்தியதால், “மீன் இல்லைம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து டெஸ்ட்டுக்குக் கொண்டுபோகிறேன்” என்று சொல்லத் தொடங்கினேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. சிலர் காலைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெட்டியில், உடைத்த ஐஸுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய்கள் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதருடைய கன்னத்தின் உட்புறத்திலிருந்தோ ஈறிலிருந்தோ நாக்கின் ஓரத்திலிருந்தோ வெட்டி எடுத்த மிளகளவு சதை இருக்கும்.

நான் பிறந்தது மண்டபத்துக்கு மேற்கே, தென்கடல் ஓரத்தில், வேதாளைக்கும் புதுமடத்துக்கும் இடைப்பட்ட ஒரு சின்னக் கரையூர். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா முழங்கால் வலி வரும் வரை தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கப் போனவர். நான் உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து, மதுரையில் ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய் ஆய்வுத் திட்டமொன்றில் இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்து இது மூன்றாம் ஆண்டு. எங்கள் கடற்கரையிலிருந்து வரும் நோயாளிகளின் மாதிரிகளைச் சேகரிக்க, ஊர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதால்தான் என்னைத் தேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

டிரான்ஸ்லேஷனல் ஆய்வு என்று எங்கள் துறையில் சொல்வதை ஊரில் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: ஆய்வக மேசையில் தெரிந்துகொண்டதை நோயாளியின் கட்டிலருகே கொண்டுபோவது, கட்டிலில் கண்டதை மேசைக்குக் கொண்டுவருவது, இரண்டுக்கும் நடுவே ஓயாமல் நடந்துகொண்டிருப்பது. எங்கள் திட்டத்தின் கேள்வி வாய்ப்புற்றுநோயைப் பற்றியது. வாய்க்குள் வெள்ளைத் திட்டு படிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது புற்றாக மாறுவதில்லை, சிலருக்கு மாறுகிறது. யாருக்கு மாறும் என்பதை, திட்டிலிருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்து, செல்கள் எவ்வளவு ஒழுங்கு கெட்டிருக்கின்றன என்று கண்ணால் பார்த்தே நோய்க்கூறு மருத்துவர் மதிப்பிடுகிறார். ஒரே கண்ணாடித் துண்டை இருவர் பார்த்தால் இரு மதிப்பீடுகள் வருவதும் உண்டு. அந்தச் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் ஓங்கி வேலை செய்கின்றன, எவை அடங்கிவிட்டன என்பதை ஒரு மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகலான ஆர்என்ஏவின் அளவைக் கொண்டு அறிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியுமா என்பதே நாங்கள் தேடுவது.

இந்தக் கேள்வி எங்கள் கரைக்கு அயலானதல்ல. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் உதடு, வாய்ப் புற்றுநோயால் புதிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் 1,40,000 பேருக்கு மேல் என்பது உலகப் புற்றுநோய் மதிப்பீடு. மேலை நாடுகளில் வாய்ப்புற்று நாக்கில் மிகுதியாக வருகிறது. நம் நாட்டில் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலான பள்ளத்தில் மிகுதியாக வருகிறது. நாம் புகையிலையையும் பாக்கையும் அடக்கி வைக்கும் இடம் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2003இல் கூடி ஆராய்ந்து, புகையிலை சேராத வெறும் பாக்குமே மனிதருக்குப் புற்று உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. இதை ஊரில் சொன்னால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள். பாக்கு மங்கலப் பொருள். நிச்சயதார்த்தத் தட்டில் முதலில் வைப்பது அது. இரவுக் கடலில் தூக்கம் வராமலிருக்கவும், பசியை அடக்கவும் புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்வதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். பாசி எடுக்கும் பெண்கள் மணிக்கணக்கில் நீருக்குள் இருப்பார்கள்; விரல்களில் துணி சுற்றியிருக்கும்; வாயில் எதையும் எடுத்துப் போட்டுக்கொள்ள வழியிருக்காது. கரையிலேயே கன்னத்தில் அடக்கிக்கொண்டு இறங்கினால் கரையேறும் வரை வாயில் ஏதோ இருக்கும். அம்மாவும் அப்படி அடக்கியவர்தான்.

மாதிரி சேகரிப்பு, எழுதும்போது எளிதாகத் தோன்றும் வேலை. மருத்துவமனையில் அறுவை நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, காலையில் ஊரில் ஐஸ் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பேருந்தில் ராமநாதபுரம் வந்து, நோயாளியிடம் ஒப்புதல் பெற்று, அரங்கின் கதவுக்கு வெளியே காத்திருந்து, நோயறிதலுக்குத் தேவையானதை மருத்துவர் எடுத்த பிறகு மீதியில் எங்களுக்கென ஒரு துண்டைப் பெற்று, மாலை ரயிலில் மதுரைக்குக் கொண்டுபோய், இரவு ஒன்பதோ பத்தோ ஆனாலும் மைனஸ் 80 டிகிரிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் விடுதிக்குப் போக வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, கட்டுப்பாட்டு மாதிரி என்று நாங்கள் சொல்லும் நோயற்ற சதை, மதுரையிலேயே ஒரு பல் மருத்துவமனையில் கிடைத்தது. கடைவாய்ப் பல் பிடுங்க வருகிறவர்களிடம் ஒப்புதல் பெற்று, பல்லைச் சுற்றி எப்படியும் அகற்றப்படும் ஈறுச் சதையை வாங்கிக்கொள்வோம். அங்கிருந்து எங்கள் ஆய்வகம் பத்து நிமிட நடை.

மேலே உள்ள பத்திக்குள் இருக்கும் பிழையை இப்போது இதைப் படிக்கிற துறை சார்ந்தவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

சேர்ந்த முதல் தொகுதி மாதிரிகளிலிருந்து ஆர்என்ஏவைப் பிரித்து, அதன் எழுத்துகளைப் படிக்கும் வரிசைப்படுத்தலுக்கு அனுப்பி, தரவு வந்த இரவை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புள்ளியாக வரைந்தபோது, புற்று மாதிரிகள் ஒரு பக்கமும் நோயற்றவை மறுபக்கமும், நடுவே ஒரு விரற்கடை வெற்றிடத்தோடு, தனித்தனியாகப் பிரிந்து நின்றன. பிரித்துக் காட்டிய மரபணுக்களின் பட்டியலில் மேலே இருந்தவை ஃபாஸ், ஜுன் என்னும் இரண்டும் அவற்றின் கூட்டாளிகளும். இவை இரண்டுமே முதலில் விலங்குகளில் கட்டி உண்டாக்கும் வைரஸ்களின் வழியாக அறியப்பட்டவை. புற்றுநோயியலில் பழைய பெயர்கள். ஆகவே கதை நன்றாகப் பொருந்தியது. என் வழிகாட்டி மகிழ்ந்தார். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினோம். அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, என்ன கிடைத்தது என்று அவருக்குப் புரியாவிட்டாலும், “பாடு நல்ல பாடுன்னு சொல்லு” என்றார். பாடு என்றால் எங்கள் ஊரில் வலையில் விழுந்த மீன்.

இதற்கு நடுவே ஐஸைப் பற்றி ஒரு பாடம் நடந்தது. ஊரில் எனக்கு ஐஸ் தருகிறவர் ஐஸ் கம்பெனியில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் என் மாமா. ஒரு நாள் பெரிய கட்டிகளாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவளைத் தடுத்து, எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். கட்டி ஐஸ் மீனை அங்கங்கே மட்டும்தான் தொடும். நடுவில் இருக்கும் காற்று மீனைக் கெடுக்கும். பொடியாக உடைத்துச் சிறிது நீர் விட்டால்தான் எல்லாப் பக்கமும் குளிர் ஒட்டும் என்றார். பிறகு அவர் சாதாரணமாகச் சொன்ன ஒன்றுதான் என்னைப் பல மாதங்கள் தொடர்ந்துகொண்டிருந்தது. “மீன் ஐஸ்ல கெடுறதில்ல தாயி. வலையில இருந்து ஐஸுக்கு வர்றதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னா, அதுக்கப்புறம் எத்தனை ஐஸு போட்டாலும் கெட்ட மீன்தான். செவுளைப் பார்த்தா தெரிஞ்சிடும்.”

மீன் கெடுவது வெளியிலிருந்து வரும் கிருமிகளால் மட்டுமல்ல. உயிர் போன பின்னும் மீனின் தசையில் வேலை செய்துகொண்டிருக்கும் அதன் சொந்த நொதிகளாலும்தான். மனிதச் சதையிலும் அப்படியே. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் எல்லாச் செல்லிலும் இருக்கின்றன. எச்சிலில் மிகுதியாக இருக்கின்றன. ஆகவே வாயிலிருந்து எடுத்த சதை அறுபடும்போதே எச்சிலில் நனைந்து, தன்னைச் சிதைக்கும் பொருளோடுதான் வெளியே வருகிறது. இது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்த செய்தி. ஆனால் மாமா சொன்னதில் நான் யோசித்திராத ஒன்று இருந்தது. நான் கவலைப்பட்டதெல்லாம் ரயில் நேரத்தைப் பற்றி. சதை ஐஸுக்கு வருவதற்கு முன், அறுவை அரங்கின் எஃகுத் தட்டில், உப்புநீரில் நனைத்த பஞ்சுத்துணி மேல் எத்தனை நிமிடம் கிடந்தது என்பதை நான் ஒருநாளும் குறித்ததில்லை.

குறித்திருக்கவும் முடியாது என்று அப்போது சொல்லியிருப்பேன். அரங்கில் செவிலியர்கள் ஒரு நோயாளிக்குத் தையல் முடிவதற்குள் அடுத்தவருக்கு ஆயத்தம் செய்கிறார்கள். கதவுக்கு வெளியே குழாயோடு நிற்கும் ஆய்வுப் பெண்ணைக் கூப்பிட அவர்களுக்கு நினைவு வருவதற்குச் சில நாட்களில் பத்து நிமிடம் ஆகும். சில நாட்களில் ஒரு மணி நேரம் ஆகும். சதையை எடுத்த உடனே போட்டு வைப்பதற்கென்றே ஆர்என்ஏவைக் காக்கும் கரைசல் உண்டு. துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருக்கக் கூடாது, அதைப்போல் ஐந்து மடங்குக் கரைசல் வேண்டும், ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்துவிட்டு அதன் பிறகே உறையவைக்க வேண்டும் என்று அதற்கு எளிய விதிகள்தான். அந்தக் கரைசலை வாங்கும் கோப்பு ஓர் அலுவலகத்தில் ஏழு மாதங்கள் கிடந்தது. உதவித்தொகையும் அதே காலத்தில் ஐந்து மாதங்கள் வரவில்லை. இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று விதி உயர்ந்தது உண்மை. வந்து சேரும் வரை அது காகிதத்தில் இருக்கும் எண். அந்த ஐந்து மாதங்களில் எனக்கு ரயில் செலவுக்குப் பணம் அனுப்பியவர் அப்பா என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வேறு எதற்கோ அந்த வரைபடத்தைத் திறந்தவள், புள்ளிகளின் நிறத்தை மாற்றினேன். புற்று, புற்றல்ல என்பதற்குப் பதிலாக, உறையவைக்கும் வரை ஆன மணி நேரத்தை நிறமாகக் கொடுத்தேன். அறுவைப் பதிவேட்டிலிருந்தும் என் ரயில் சீட்டுகளிலிருந்தும் அந்த நேரங்களைக் கணக்கிட முடிந்தது. நிறம் மாறியது, கூட்டம் மாறவில்லை. ஒரு பக்கம் நின்றவை அனைத்தும் கடற்கரையிலிருந்து வந்தவை, மறுபக்கம் நின்றவை அனைத்தும் பத்து நிமிட நடையில் வந்தவை. புற்றுக்கும் புற்றின்மைக்கும் உள்ள வேறுபாடு என்று நான் கொண்டாடியது, ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் உள்ள வேறுபாடாக இருந்தது. இன்னும் கூர்ந்து பார்த்தபோது, கடற்கரை மாதிரிகளுக்குள்ளேயே, அரங்கில் நீண்ட நேரம் காத்திருந்ததாக எனக்கு நினைவிருந்தவற்றில் ஃபாஸும் ஜுன்னும் மிக உயர்ந்திருந்தன.

காரணம் துறையில் தெரிந்ததே, எனக்குத்தான் உறைக்கவில்லை. உடம்பிலிருந்து வெட்டப்பட்ட சதை அந்தக் கணமே சாவதில்லை. இரத்தம் நின்று, உயிர்வளி நின்று, அந்தச் செல்கள் தட்டின் மேல் இன்னும் உயிரோடு திணறிக்கொண்டிருக்கின்றன. அதிர்ச்சிக்கு முதலில் எழுந்து நிற்கும் மரபணுக்களில் ஃபாஸும் ஜுன்னும் அடங்கும். அரை மணி நேரத்துக்குள் அவற்றின் ஆர்என்ஏ பல மடங்கு பெருகிவிடும். நான் அளந்தது புற்றின் குரல் அல்ல. தட்டில் கிடந்த சதையின் திணறல். அவை புற்றோடு தொடர்புள்ள பெயர்களாகவும் இருந்ததால் என் பிழைக்கு நல்ல சட்டை கிடைத்துவிட்டது.

வழிகாட்டியிடம் சொல்லப் போன நாளில் கை குளிர்ந்திருந்தது. அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, சுருக்கத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை நான் எழுத வேண்டாம், தானே எழுதுகிறேன் என்றார். இப்படிப்பட்ட வழிகாட்டி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நேர்மையான ஆய்வகங்களிலும் இது நடக்கும் என்பதற்கு அவர் எனக்குப் படிக்கத் தந்தது 2012இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை. பெக்லி, எல்லிஸ் என்ற இருவர், புற்றுநோய் மருந்து ஆய்வில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளை ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் மீண்டும் செய்து பார்த்ததில் 6 ஆய்வுகளின் முடிவே உறுதிப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்து ஆறுதல் அடையவில்லை. மீதி 47 ஆய்வுகளுக்கும் சதை கொடுத்தவர்கள், எலி வளர்த்தவர்கள், இரவு விழித்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றுதான் எண்ணம் ஓடியது.

ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது வேறு கேள்வி. பாசியில் கேன்சர் மருந்து இருக்கிறதாமே, நாளிதழில் போட்டிருந்தார்களே என்பார்கள். கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் வாழ்நாள் முழுவதும் அள்ளிய பெண்கள் கேட்கும்போது, அந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. கடலிலிருந்து புற்று மருந்து வந்தது உண்மை. இரத்தப் புற்றுக்கு இன்றும் கொடுக்கப்படும் சைட்டராபின், கரீபியக் கடலின் ஒரு கடற்பஞ்சில் 1950களின் தொடக்கத்தில் கண்டெடுத்த பொருள்களின் தூண்டுதலால் உருவாகி, 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மார்பகப் புற்றுக்கான எரிபுலின் என்ற மருந்தின் மூலமும் ஒரு கடற்பஞ்சுதான். ஜப்பானிய அறிவியலாளர்கள் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து 12.5 மில்லிகிராம் பொருளை 1980களில் பிரித்தெடுத்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்யக் கற்று, எளிமையாக்கி, மனிதரில் சோதித்து, மருந்தாக அனுமதி கிடைத்தது 2010இல். 600 கிலோவுக்கு 12.5 மில்லிகிராம் என்ற கணக்கைச் சொன்னால், பாசி மூட்டை தூக்கிய தோள்களுக்கு அது உடனே புரிகிறது. நாளிதழில் வருவது பெரும்பாலும் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களை ஏதோ ஒரு சாறு கொன்றது என்ற செய்தி. தட்டில் செல்களைக் கொல்ல உப்பை அள்ளிப் போட்டாலும் போதும். பக்கத்துச் செல்லைக் கொல்லாமல், ஈரலைக் கெடுக்காமல், ஒரு மனிதருக்குள் போய் அதைச் செய்வதுதான் வேலை.

ஒப்புதல் வாங்குவதைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைச் சொல்ல முடியாது. எங்கள் ஒப்புதல் படிவம் தமிழில் ஆறு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை அருகில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துச் சொல்லி, கைநாட்டுப் பெற வேண்டும். அதில் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘இந்த ஆய்வினால் தங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை.’ முதல் மாதங்களில் அந்த வரியை வேகமாகப் படித்துக் கடந்துவிடுவேன். அறுவைக்குக் காத்திருக்கும் ஒருவரிடம், வெறும் வயிற்றோடு இருக்கிறவரிடம், உங்களுக்குப் பயனில்லை என்று நிறுத்திச் சொல்ல நா எழாது. ஆனால் வேகமாகப் படித்தால், ஆஸ்பத்திரிப் பெண் சொல்கிறாள், கொடுத்தால் நல்ல வைத்தியம் கிடைக்கும் என்று நினைத்துக் கைநாட்டு வைப்பார்கள். அதுவும் நம் ஊர்ப் பெண் கேட்கிறாள் என்றால் மறுக்க மாட்டார்கள். என் பேச்சும் என் ஊரும் எனக்குத் தந்த நம்பிக்கையை அப்படிச் செலவழிப்பது தவறு என்று எனக்குப் பட்ட நாளிலிருந்து அந்த வரியை இரண்டு முறை படிக்கிறேன். வேண்டாம் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் கூடியிருக்கிறார்கள்.

உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாசி எடுக்கும் அம்மா, படிவம் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்: “வெட்டி எடுத்ததை வேலை முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க? புதைப்பீங்களா?” உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணில் சேர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு எரிப்பதற்கு அனுப்புவோம் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “கடல்ல மட்டும் போட்டுராதீங்க” என்று கைநாட்டு வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மீதிச் சதை என்னவாகும் என்ற ஒரு வரியை, நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டு, அடுத்த படிவத்தில் சேர்த்தோம்.

பிழை தெரிந்த பிறகு திட்டத்தைப் புதிதாக வகுத்தோம். புற்றும் அதன் பக்கத்தில் இருக்கும் நல்ல சதையும் ஒரே நோயாளியிடமிருந்து, ஒரே தட்டிலிருந்து எடுக்கப்படும்; காத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே காத்திருக்கும். நோயற்றவர்களின் மாதிரியும் கடற்கரையிலிருந்தே வர வேண்டும். வெட்டிய நேரம், கரைசலில் போட்ட நேரம், உறையவைத்த நேரம் மூன்றும் ஒரு தாளில் எழுதப்படும். அரங்கின் மூத்த செவிலியரிடம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனபோது அவர் சலித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். என் வரைபடம் இரண்டையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “இதை முதல்லயே சொல்லியிருந்தா முதல்லயே எழுதியிருப்போமே அம்மா” என்றார். அன்றிலிருந்து அந்தத் தாளில் நிமிடம் விடாமல் எழுதப்பட்டு வருகிறது. ஒன்றரை ஆண்டு கதவுக்கு வெளியே நின்ற நான், எதற்காக நிற்கிறேன் என்பதை உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு முறைகூட விளக்கிச் சொன்னதில்லை.

நோயற்றவர்களைத் தேடி எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஒரு பல் மருத்துவரோடு வாய்ப் பரிசோதனை முகாம்கள் நடத்தினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருக்கும் 61 நாட்கள் அவை. பல் பிடுங்க வேண்டியவர்களைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் நோக்கம். ஆனால் ஒவ்வொரு வாயையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்போது, நாங்கள் தேடாததெல்லாம் கண்ணில் பட்டது. வெள்ளைத் திட்டுகள் இருந்தன. பாக்கினால் கன்னத்தின் உட்புறம் தழும்பேறி விறைத்து, வாய் முழுதாகத் திறக்க முடியாதவர்கள் இருந்தார்கள். நன்றாக இருக்கிறவர் வாயில் தம் மூன்று விரல்களை நெட்டுக்கு நுழைக்க முடியும். அது எளிய சோதனை. என் அம்மாவுக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. எத்தனையோ ஆண்டுகளாகக் காரம் எரிகிறது என்று அவர் சாம்பாரில் மிளகாயைக் குறைத்ததை நாங்கள் வயதின் குறையாக எடுத்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் நோய்க்கு நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பெயர் இருக்கிறது, குறியீடு இருக்கிறது, தனி அடுக்கு இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் மாதத்துக்கு இரு முறை வீட்டுக்கு வந்துபோன நான் அவர் வாயைத் திறந்து பார்த்ததில்லை. தழும்பு பழைய நிலைக்குத் திரும்பாது. பாக்கை நிறுத்தினால் மேலும் கெடாமல் தடுக்கலாம், தொடர்ந்து கவனிக்கலாம். அம்மா நிறுத்திவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுகிறோம்.

முகாம்களுக்குப் பிறகு எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு தேடிப் போய் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் வினிகரைத் தடவிக் கண்ணால் பார்த்துக் கருப்பைவாய்ப் புற்றைக் கண்டறிந்த ஆய்வும், 2007இல் அதே இதழில், இறப்பு 35 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. டார்ச்சும் வினிகரும் இதைச் செய்யும்போது, மைனஸ் 80 டிகிரியும் வரிசைப்படுத்தலும் எதற்கு? இதைக் கேட்காமல் இந்தத் துறையில் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். என் விடை இப்போதைக்கு இது: டார்ச் வெள்ளைத் திட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அந்த முகாம்களில் திட்டு இருந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துக் கேட்டது, “இது கேன்சர் ஆகுமா?” என்பதுதான். அதற்கு விடை டார்ச்சில் இல்லை, இன்று என்னிடமும் இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், முதலில் டார்ச்சுக்குக் கொடுங்கள் என்பேன். இரண்டாவதையும் யாராவது செய்தாக வேண்டும்.

புதிய தொகுதியில் மாதிரிகள் மெல்லச் சேர்கின்றன. ஆர்என்ஏவின் தரம் உயர்ந்திருக்கிறது. நல்ல சதைக்கும் புற்றுக்கும் வேறுபாடு தெரிகிறது. பழைய வரைபடத்தில் இருந்த அழகான வெற்றிடம் இல்லை, புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இந்தக் கலப்பை நான் நம்புகிறேன்.

சென்ற மாதம் உச்சிப்புளி அம்மா தொடர்பரிசோதனைக்கு வந்திருந்தார். அறுவைக்குப் பின் பேச்சு கொஞ்சம் குழறுகிறது, மற்றபடி நலம். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் உட்காரச் சொல்லி, “என் சதையில என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். கண்டுபிடித்தது தவறாகிப் போயிற்று என்று சொன்னேன். தட்டில் காத்திருந்த நேரத்தை நான் குறிக்காமல் விட்டதையும், அதனால் அவருடைய மாதிரியை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதையும் சொன்னேன். “அப்ப வீணாப் போச்சா?” என்றார்.

இல்லை. ஆர்என்ஏதான் விரைவில் கெடும். டிஎன்ஏ அப்படியல்ல, அந்த ஒரு மணி நேரத்தை அது தாங்கும். எந்த மரபணுவில் எழுத்து மாறியிருக்கிறது என்பதை அதே துண்டிலிருந்து இன்னும் படிக்க முடியும். முதல் தொகுதியை எறிய வேண்டாம் என்று கேட்டு, வழிகாட்டி ஒப்புக்கொண்டு, அவற்றிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் வேலையை நான் தொடங்கியிருக்கிறேன். இதை அவருக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த வழியில் சொன்னேன்: ஒரு பங்கு கெட்டுவிட்டது, ஒரு பங்கு நன்றாக இருக்கிறது, அதை இப்போதுதான் எடுக்கப் போகிறோம். “அதுக்கு நேரம் எழுதுனீங்களா?” என்று கேட்டார். எழுதுகிறோம் என்றேன். அவருடைய குழாய் அடுத்த வாரத் தொகுதியில் நான்காவதாக இருக்கிறது.